அண்ணன் கடையில் தைத்த முன் சீட்டு

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் பலர் அவரைச் சாது என்று எழுதியிருக்கிறீர்கள். அன்பினால் எழுதியதுதான், ஆனால் உண்மையில்லை. அண்ணன் பெரும் கோபக்காரர். அந்தக் கோபத்தால்தான் நான் உயிரோடிருக்கிறேன்.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில், மானாவாரிக் காட்டை நம்பியிருந்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். மழை பொய்த்தபோது சேலம் போய், கார்களுக்கு சீட்டு தைக்கக் கற்று, தருமபுரியில் குஷன் கடை வைத்தார். புகுந்த வீட்டில் என் மண்டையை உடைத்த செய்தி கேட்டதும் நேரே வந்து, கதவை உதைத்துத் திறந்து என்னை அழைத்துப் போனார். அன்றிலிருந்து கடையில் அவர் வெட்டுவார், நான் தைப்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பழைய சீமைக் கார் கடைக்கு வந்தது. அதை ஓட்டிப் போன பண்ணைக்காரர் ஒகேனக்கல் சாலையில் குத்திக் கொல்லப்பட்டிருந்தார். அவருடைய குத்தகைக்காரர் மாரி வண்டியை மறித்து, ஜன்னல் வழியே குத்தியதாக வழக்கு. ஒரே சாட்சி, பின் சீட்டில் இருந்த பண்ணைக்காரரின் தம்பி. அவரைச் சின்னவர் என்பார்கள். மாரி சிறையில் தூக்குக்குப் பயந்து கிடந்தார். போலீஸ் பார்த்து முடித்துவிட்ட காரைச் சின்னவரே ஓட்டி வந்தார்.

“கம்பெனில இருந்து வந்தப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே ஆகணும். பழைய தோலை என் கண்ணு முன்னால எரிச்சுப்புடணும்” என்றார்.

“அதை வச்சு அளவெடுத்து வெட்டுனாத்தானுங்க பழையபடி வரும். முடிச்சுட்டு எரிச்சுடறேனுங்க” என்றார் அண்ணன்.

கருஞ்சிவப்புத் தோல். ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. தையலைப் பிரித்து முன்பக்கத் தோலையும் பின்பக்கத் தோலையும் பலகைமேல் விரித்தோம். ஓட்டுநர் சீட்டின் சாய்மானத்தை மூன்று குத்து ஊடுருவியிருந்தது. முன்பக்கம் ஓட்டை குறுகல். பின்பக்கம், பை வைத்துத் தைத்த மடிப்புக்குள், அதே ஓட்டை இரண்டு விரல் அகலம். கத்தி நுழையும் பக்கம்தானே அகலமாகக் கிழியும்? உள்ளே இருந்த தேங்காய் நாரும் முன்பக்கமாகவே தள்ளிக்கொண்டு நின்றது.

“கண்ணு, குத்துனவன் பின்னால உக்காந்திருந்திருக்கான்” என்றார் அண்ணன். நான் போய்க் கடைக் கதவைச் சாத்தினேன்.

ஏட்டு தினமும் சின்னவர் வீட்டில்தான் கை நனைத்தார். ஸ்டேஷனில் போய்ச் சொல்லிப் பயனில்லை. அண்ணன் புதுத் தோலுக்கு அதே நிறம் ஏற்றினார். அங்குலத்துக்குப் பழையதில் எத்தனை தையலோ அத்தனை தையல் போடச் சொன்னார். சாய்மானத்தை மூடும் முன் பழைய தோல் இரண்டையும் மடித்து உள்ளே வைத்தார். நான்தான் மூடித் தைத்தேன்.

காரை எடுக்கச் சின்னவர் இரண்டு ஆட்களோடு வந்தார்.

“பழைய தோலு எங்கடா?”

“நாத்தம் தாங்கலைங்க, எரிச்சுட்டேனுங்க.”

அவர் நம்பவில்லை. ஆட்கள் அண்ணன் வாயில் குத்திப் பல்லை உடைத்தார்கள். கடையைப் புரட்டிப் போட்டார்கள். பிறகு அவருடைய வலது கையைக் கார்க் கதவிடுக்கில் வைத்து, சின்னவரே கதவை அறைந்தார். எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. நான் கத்திரியோடு பாய்ந்தேன். ஒருவன் என் மயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். மறுபடி கதவை அறைந்தார். மூன்றாம் முறைக்கும் “எரிச்சுட்டேனுங்க” என்ற பதில்தான் வந்தது. அதன்பிறகே சின்னவர் நம்பினார். முன் சீட்டில் ஏறிச் சாய்ந்து பார்த்து, “கம்பெனி மாதிரியேதான் இருக்குது” என்று சொல்லிவிட்டுப் போனார். விசாரணை வரும்வரை அதில் சாய்ந்துகொண்டுதான் ஊர் சுற்றினார்.

மாரியின் வக்கீலிடம் அண்ணன் ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தார். கோர்ட்டில் அவர் அண்ணனைக் கூண்டில் ஏற்றி, அந்தத் தோல் எங்கே என்று கேட்டார்.

“சின்னவரு முதுகுக்குப் பின்னாலதானுங்க. இன்னிக்கும் அந்தக் கார்லதான் வந்திருக்காரு.”

ஜட்ஜ் வாசலுக்கே இறங்கி வந்தார். அண்ணனுக்கு விரல்கள் மடங்காது. கத்தியை அண்ணன் என்னிடம் கொடுத்தார். அவ்வளவு பார்த்துப் பார்த்துத் தைத்தது; எனக்குக் கை ஓடவில்லை.

“தையலைப் பாக்காத கண்ணு. கிழி” என்றார்.

அத்தனை ஆத்திரத்தையும் சேர்த்துக் கிழித்தேன். சின்னவர் உள்ளே போனார். மாரி வெளியே வந்தார்.

விடுதலையான அன்றே மாரி கடைக்கு வந்து அண்ணன் காலில் விழுந்தார். அண்ணன் காலை உதறிக்கொண்டு கத்தினார்: “எந்திரிடா! இனி எவன் கால்லயாச்சும் விழுந்தேன்னு தெரிஞ்சுச்சு, நானே உன்னைக் குத்திப்புடுவேன்!” தெருவே கூடிவிட்டது.

அந்தக் கை அப்புறம் கத்திரி பிடிக்கவில்லை. நானே வெட்டித் தைத்தேன், அவர் உட்கார்ந்து குறை சொன்னார். வயிற்று நோயில் படுத்த கடைசி மாதத்திலும் என் தையல் கோணல் என்றே திட்டினார். அந்தத் திட்டுக்கு இப்போது ஏங்குகிறேன்.

ரத்தம் கொடுத்த ஆட்டோ ஸ்டாண்டுத் தம்பிகளுக்கும், பதினாறு நாளும் சோறாக்கி அனுப்பிய தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. மாரிக்குத் தனியாக நன்றி. பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுக்க அவர் வந்தபோது நம் சொந்தத்தில் சிலர் முகம் சுளித்து, காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கச் சொன்னீர்கள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். “கால்ல விழுந்தா அவரு குத்திப்புடுவாருங்க” என்று சொல்லிவிட்டு, மாரி நிமிர்ந்து நின்று தூக்கினார்.