நாலாவது துண்டு

எட்டு வயதிலேயே எனக்கு வாய் அதிகம். அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிட அதிகப்பிரசங்கி என்று கூப்பிட்டதுதான் அதிகம். அந்த வாயால் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சாணார்பட்டிப் பக்கம் எங்கள் மல்லிகைத் தோட்டத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு குத்துக்கல் நின்றதாம். யார் நட்டது, எதற்கு நட்டது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. வீடு கட்டும்போது அப்பா ஆப்படித்து அதைப் பிளந்துவிட்டார். அப்போது எனக்கு நாலு வயது. அந்த மாதம் முழுக்க என்னைக் கொடைரோட்டில் மாமா வீட்டில் விட்டிருந்ததால் நான் எதையும் பார்க்கவில்லை.

பஞ்சாயத்துக்கு ரேடியோ வந்த வருஷம், திண்டுக்கல்லிலிருந்து ஒரு டிராயிங் வாத்தியார் சைக்கிளில் வந்தார். பழைய குத்துக்கற்கள் எந்தெந்த வீட்டில் என்னவாகக் கிடக்கின்றன என்று தேடித் தேடி நோட்டில் வரைகிற பைத்தியம் அவருக்கு. எங்கள் வாசற்படியின் ஓரத்தில் ஆப்புக் குழிகள் பாதி பாதியாகப் பல்வரிசைபோல் இருந்தன. மீதிப் பாதிகள் தொழுவத்துத் தூணிலும் கிணற்றடித் துவைகல்லிலும் இருந்தன. நூல் பிடித்து அளந்துவிட்டு, மூன்றும் ஒரே கல் என்றார். தலைத்துண்டு கிடைத்தால் வண்டி வைத்துக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் நிறுத்தலாம், காட்டுகிறவர்களுக்குச் சிவப்பு நீலப் பென்சில் ஒன்று தருவேன் என்று ஆசை காட்டினார்.

"அது அப்பவே நொறுங்கிப்போச்சு சார்" என்றார் அப்பா. பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

எனக்குப் பொறுக்குமா? வேலியோரம் வேப்பமரத்தடியில் இருக்கிறது, வாருங்கள் என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

என் முழங்கால் உயரத்துக்கு அந்தத் துண்டு நட்டபடி நின்றது. சுற்றிலும் சின்னச் சின்னக் கூழாங்கற்கள். தலையில் அன்றைக்குப் பறித்த மல்லிகை. விளைச்சலுக்காக அம்மா தினமும் வைக்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வாத்தியார் முகமெல்லாம் சிரிப்பாகக் குனிந்து நூலை எடுத்தார்.

அதற்குள் அம்மா ஓடி வந்துவிட்டாள். அயலார் எதிரில் வந்து நிற்கவே கூச்சப்படுகிறவள், மண்ணில் உட்கார்ந்து கல்லை ஒரு கையால் அணைத்துக்கொண்டாள்.

"அய்யா, இத மட்டும் விட்டுருங்க. வேணுமின்னா வாசப்படியப் பேத்துக்கிட்டுப் போங்க."

வாத்தியார் கூழாங்கற்களைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பின்னால் வந்த அப்பா கிணற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வாத்தியார் நூலைச் சுருட்டிப் பைக்குள் போட்டு, செருப்பைக் கழற்றினார்.

"இது இருக்க வேண்டிய எடத்துலதாம்மா இருக்கு" என்றார்.

சொன்னபடி பென்சிலைத் தந்தார். ஆனால் நோட்டில் மூன்று என்றுதான் எழுதினார். நாலுதானே சார் என்று சண்டைக்குப் போனேன். "மூணுதான் தாயி" என்றார். அப்பா அன்று என்னை அதிகப்பிரசங்கி என்று சொல்லவேயில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

எனக்கு ஒரு தம்பி பிறந்து ஒன்பது நாள் இருந்தான் என்பதும், கொடைரோட்டில் நான் முறுக்குத் தின்றுகொண்டிருந்த மாதம்தான் அது என்பதும் எனக்குக் கல்யாணமான பிறகே தெரிந்தது. அந்தக் காலத்து ஆட்களும் செத்தவர்களுக்காகத்தான் கல் நட்டார்கள் என்று தெரிந்தது அதற்கும் பிறகு. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், வாத்தியாருக்குப் படம் வருகிற அளவுக்குக் கணக்கு வராது என்பதுதான்.