சாவி கழற்றிய பிறகும் எரிந்த விளக்குகள்

அன்று சனிக்கிழமை காலை காரடியில் நின்றது மூன்று பேர். அக்கா, நான், எங்களுக்கு மேல்மாடியில் இருந்த அண்ணை. அக்காவின் கணவர், அத்தான், இல்லை.

அத்தான் போய்ப் பதினான்கு மாதமாகியிருந்தது. தாயாருக்கு வருத்தம் கடுமை என்று கடிதம் வந்து ஊருக்குப் போனவர், வவுனியாவிலிருந்து ஒருமுறை போன் எடுத்தார். நாளைக்குச் சோதனைச்சாவடி தாண்டி அங்கால் விடுவினமாம் என்றார். அதன்பிறகு ஒன்றுமில்லை. செத்துவிட்டார் என்று ஒருவரும் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே நான் 'இல்லை' என்று எழுதுவது, அன்று காரடியில் இல்லை என்ற கருத்தில் மட்டும்தான்.

கார் அவருடையது. இங்கே ஷ்லீரன் என்ற ஊரில் தொழிற்சாலையில் உழைத்த காசில் மூன்றாம் கையாக வாங்கினார். அவர் போன கையோடு, மேல்மாடி அண்ணையைப் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பழகி, அக்கா லைசென்ஸ் எடுத்தாள். ஆசனத்தை அவர் விட்ட இடத்திலிருந்து முன்னுக்கு இழுக்க அவளுக்கு மனம் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்து ஓட்டினாள். பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியையும் திருப்பவில்லை. அதில் அவளுக்குத் தெரிந்தது பாதி வீதி, பாதி கூரைத் துணி.

வேலை பாடன் நகரத்துக்கு அப்பால், ஒரு மேட்டில் இருந்த முதியோர் இல்லத்தில். காலை ஆறரைக்குத் தொடங்க வேண்டும். அந்த மேட்டுக்கு முதல் பஸ் ஏழு மணிக்குப் பிறகுதான். வேலைக்கு எடுத்து மூன்று மாதம் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவார்கள். அந்த மூன்று மாதம் முடிய இரண்டு கிழமை இருந்தது. அதற்குள் கார் ஸ்ராட் ஆகாமல் இரண்டு தடவை பிந்திப் போய்விட்டாள். மூன்றாம் தடவை பிந்தினால் வீட்டுக்குக் கடிதம் வரும் என்று பொறுப்பாளர் சொல்லிவிட்டார். வேலை இல்லையென்றால், வசந்தத்தில் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போது கையில் காட்ட ஒன்றுமிராது. அடுத்த வேலை நாள் திங்கட்கிழமை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில், ஸ்ரியரிங்குக்குப் பின்னால் மூன்று விளக்குகள் ஒன்றாக எரிந்தனவாம். பற்றரி விளக்கு, பிரேக் விளக்கு, ஏபிஎஸ் விளக்கு. வீட்டடியில் நிறுத்திச் சாவியைக் கழற்றினாள். விளக்குகள் அணையவில்லை. மங்கலாக, சாம்பலுக்குள் கிடக்கிற தணல் மாதிரி எரிந்துகொண்டிருந்தன. மேலே வரும் வழியில் கடிதப் பெட்டியைப் பார்த்திருக்கிறாள். அத்தானின் தாயாருக்கு அவள் எழுதிய வான்கடிதம் பிரிக்கப்படாமல் திரும்பி வந்திருந்தது. கடிதத்தையும் கார்ச் சாவியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“சாவி இந்தா கிடக்கு. அங்க எரியுது” என்றாள்.

 அத்தானிடமிருந்து வந்த ஏதோ சேதியாக அதை எடுக்கிறாள் என்று விளங்கிக்கொண்டேன். யன்னலால் எட்டிப் பார்த்தேன். பனி மூடிய காருக்குள் ஒரு மெல்லிய சிவப்பு தெரிந்தது. எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நான் படிக்கிறவன், அப்படி நினைக்கக்கூடாது என்று என்னையே கண்டித்துக்கொண்டேன்.

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அக்கா நாலாம் வகுப்பு. இங்கே நான் மின்சார வேலை பழகிக்கொண்டிருந்தேன், இரண்டாம் வருடம். கிழமையில் ஒருநாள் தொழிற்பள்ளிக்கூடம். அதனால் வீட்டுக்கு வரும் எந்தத் தாளும் என் கையில்தான் வரும். எழுதி வைத்தால் எதற்கும் விடை வரும் என்று அந்த நாட்களில் உண்மையாகவே நம்பினேன். சனி காலை கொப்பியில் கோடு போட்டேன். எந்த விளக்கு, என்ன நிறம், எப்போது எரிகிறது, எப்போது அணைகிறது. காரோடு வந்த ஜெர்மன் புத்தகத்தையும் மின்சாரம் அளக்கும் பள்ளிக்கூட மீற்றரையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

மேல்மாடி அண்ணை யாழ்ப்பாணத்தில் மினிபஸ் ஓட்டியவர். பானட்டைத் திறந்துவிட்டு என் புத்தகத்தைப் பார்த்தார்.

“தம்பி, என்ர பஸ்ஸில ஒரு லைற்றும் எரிஞ்சதில்லை. புகை வந்தால் நிப்பாட்டுவன். சனம் கத்தினாலும் நிப்பாட்டுவன். அவ்வளவுதான் என்ர படிப்பு.”

அக்கா கொஞ்சம் சிரித்தாள். அண்ணை உற்சாகமாகி, குனிந்து பார்த்து, பற்றரி செத்துப்போச்சு என்று சொல்ல வாயெடுத்தார். 'செத்து' என்றதோடு நின்றுவிட்டார். பிறகு, “முடிஞ்சுபோச்சுப் போல” என்றார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. மூவரும் பற்றரியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மீற்றர் வைத்தேன். பதினொன்றரை வோல்ற்றுக்கும் குறைவு. அண்ணையின் காரிலிருந்து வயர் கொடுத்து எஞ்சினை எழுப்பினோம். ஓடும்போது பதினாலு காட்ட வேண்டியது பன்னிரண்டிலேயே நின்றது. பற்றரிக்குச் சார்ஜ் போகவில்லை. பழுது டைனமோவில். பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் டயோட் டைனமோவுக்குள் இருக்கிறது, அது உடைந்தால், வண்டி நிற்கும்போதும் மின்சாரம் பின்பக்கமாக ஓடி விளக்குகளை மங்கலாக எரிய வைக்கும். எஞ்சினை நிறுத்தி, பற்றரியைக் கழற்றினேன். அக்கா காருக்குள் தலையை விட்டபடி, “கெதியாத் திருப்பிப் பூட்டு” என்றாள். குளிருக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். டைனமோ வயர்களை விலக்கிக் கட்டிவிட்டுப் பற்றரியைத் திரும்பப் பூட்டினேன். மூன்று விளக்கும் வரவில்லை.

கொப்பியில் படம் கீறி அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன். முழுவதையும் கேட்டாள். பிறகு கேட்டாள்.

“அப்ப, டைனமோ மட்டும்தானோ?”

ஓம் என்றேன், பெருமையோடு. அவள் முகம் வெளிச்சமாகும் என்று எதிர்பார்த்தேன். யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது போன் அறுந்தவள்போல நின்றாள்.

ஆனால் மீற்றர் அடங்கவில்லை. டைனமோவை விலக்கிய பிறகும், கார் தூங்க வேண்டிய நேரத்தில், அரை அம்பியருக்குக் கிட்ட மின்சாரம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. கதவு விளக்கு இல்லை. ரேடியோ இல்லை. பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன், பதினெட்டு. ஒன்றுக்கும் முள் அசையவில்லை. விரல் நுனிகள் மரத்துப்போயின. அண்ணை பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். பகிடி விடுவதை அவரும் நிறுத்திவிட்டார். எதுவோ ஒன்று அந்தக் காரை உள்ளுக்குள்ளிருந்து குடித்துக்கொண்டிருந்தது. அது எதுவென்று கண்ணில் படவில்லை.

களைத்துப்போய்ச் சாரதி ஆசனத்தில் இருந்தேன். தலை நிமிர்ந்தபோது பிள்ளையார் படம் தெரிந்தது. முன்னால் சின்னச் சிவப்புப் பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

காலை முழுக்க அது எரிந்துகொண்டுதான் இருந்தது. முதல்நாள் யன்னலால் நான் பார்த்த சிவப்பிலும் பாதி அதுதான். காரில் எரிகிற விளக்கையெல்லாம் கொப்பியில் எழுதியவன் இதை எழுதவில்லை. கார் வாங்கியவுடன் அத்தான் திரிம்பாக்கில் இருக்கும் தமிழ்க் கோயிலுக்குக் கொண்டுபோய் அர்ச்சனை செய்து, அந்தப் படத்தை ஒட்டி, தானே வயர் இழுத்துப் பூட்டியது. அவர் விமானம் ஏறிய நாளிலிருந்து அக்கா அதை எரிய விட்டிருந்தாள், அவர் வரும்வரை எரியட்டும் என்று. எனக்கும் தெரியும், அண்ணைக்கும் தெரியும். ஆனால் சாமி விளக்கை மின்சாரம் என்று நாங்கள் ஒருவரும் எண்ணவில்லை. கெதியாப் பூட்டு என்று அவள் அவசரப்படுத்தியதும் குளிருக்கு அல்ல. பற்றரி கழன்ற அந்த இரண்டு நிமிடம் அது எரியாமல் இருந்தது.

இரவும் பகலும் பதினான்கு மாதம். போன குளிரையும் கோடையையும் கார் எப்படியோ சமாளித்திருக்கிறது. இந்தக் குளிரில் விடியமுன் வேலைக்கு ஓடி ஹீற்றரும் முன்விளக்கும் சேர்ந்ததும், ஒவ்வொரு நாளும் வெறுமையான பற்றரியை நிரப்பி நிரப்பியே டைனமோ எரிந்துபோயிருக்கிறது.

வயரைத் தடவிக்கொண்டு போனேன். சாணுக்கொரு இடத்தில் கறுப்பு ஒட்டு நாடா சுற்றி, பியூஸ் பெட்டிக்குப் போகாமல் நேரே பற்றரிக்கு. ஸ்ரியரிங்குக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விரல் எதிலோ தட்டியது. ஒரு சின்ன சுவிட்ச். பெருவிரல் படும் இடம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. அமர்த்தினேன். பல்ப் நின்றது. “முள் விழுந்திட்டுது” என்று அண்ணை வெளியிலிருந்து சொன்னார். நான் உடனே திரும்பப் போட்டேன். ஒருவரின் கையைத் தொட்டுவிட்டதுபோல இருந்தது.

பேசாமல் வயரை வெட்டிவிட்டு, பல்ப் பியூஸ் போய்விட்டது என்று சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு அக்காவைக் கூப்பிட்டு அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன்.

“இது எப்ப வச்சவர்?”

“பூட்டேக்கையே வச்சிருக்கிறார் அக்கா. தேஞ்சு கிடக்குப் பாருங்கோ. ஒவ்வொரு நாளும் இறங்கேக்கை நிப்பாட்டிப்போட்டுத்தான் மேல வந்திருக்கிறார்.”

“எனக்கொருநாளும் சொல்லேல்லை.”

அண்ணை வயர்களைச் சுருட்டிக்கொண்டு தன் கார்ப் பக்கம் போய்விட்டார். அக்கா தேய்ந்த இடத்தையே தடவிக்கொண்டிருந்தாள்.

“ஓடேக்கை எரியலாமோ?”

“ஓடேக்கை எவ்வளவும் எரியலாம்.”

“நிண்டால்?”

“நிண்டால் திங்கட்கிழமை நீங்கள் போகேலாது.”

“அப்ப நீ இறங்கு” என்றாள்.

இறங்கினேன். அவள் உள்ளே இருந்து கதவைச் சாத்தினாள். அவள் மூச்சில் கண்ணாடி உட்பக்கமாக மூடுபனி போலப் புகார் பிடித்தது. உருவம் தெரியவில்லை, சிவப்புப் புள்ளி மட்டும் தெரிந்தது. எவ்வளவு நேரம் என்று நான் மணி பார்க்கவில்லை. அண்ணை இரண்டு தடவை இருமினார். பிறகு புள்ளி இல்லாமல் போனது. கதவு திறக்க இன்னும் கொஞ்ச நேரம் எடுத்தது.

மத்தியானம் கடை சாத்துவதற்குள் பழைய கார் உடைக்கும் இடத்துக்கு அண்ணை கூட்டிக்கொண்டு போனார். அதே மாதிரிக் காரிலிருந்து டைனமோ ஒன்று கிடைத்தது. வரும்வழியில் புதுப் பற்றரி. ஞாயிற்றுக்கிழமை பூட்டும்போது டைனமோ பெல்ற் குளிரில் வெடித்தது, கடை ஒன்றும் திறந்திருக்கவில்லை. திங்கள் காலை அக்கா டக்சியில் போனாள். ஆறேகாலுக்கே போய்விட்டாள். அன்று பின்னேரம் பெல்ற் வாங்கிப் போட்டேன். இரண்டு கிழமையில் அவளை நிரந்தரமாக்கினார்கள்.

இப்போதும் எந்தக் காரிலிருந்து இறங்கும்போதும், சாவியைக் கழற்றிய பிறகு விளக்கெல்லாம் அணைந்ததா என்று பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பேன். அணைந்துவிட்டால் ஆறுதல் வருவதில்லை. அத்தானைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை.

அந்தக் கொப்பியில் கடைசியாக எழுதியிருப்பது: டைனமோ இருநூற்றிருபது, பற்றரி நூற்று நாற்பத்தைந்து, பெல்ற் இருபத்தெட்டு, டக்சி எழுபது. மொத்தம் நானூற்று அறுபத்துமூன்று பிராங்க்.