அரம் பட்ட காசு

என் வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் 'பூதக்கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய காசு வாங்கி விற்கும் கடையில் வேலை. காசில் இருக்கும் கோளாறு அச்சடிக்கும்போதே வந்ததா, அப்புறம் எவனாவது தட்டியோ சுரண்டியோ உண்டாக்கியதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அச்சுப் பிழைக்குத்தான் மவுசு, மற்றது வெறும் சேதம். இவர் சேதம் என்றால் சேதம்தான், கடையில் மறுபேச்சு கிடையாது. பொய்யாக ஒரு காசைக்கூட அப்படிச் சொன்னதில்லை மனுஷன்.

ஒரு வயதான அம்மா கடையில் பார்த்துச் சொல்லக் கொடுத்த செப்புக் காசை, நல்ல வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அதன் விளிம்பில் பயறு அளவு ஒரு மேடு.

"அச்சு உடைஞ்ச இடத்துல உலோகம் புகுந்து நின்னிருக்கு. திருப்பிப் பாரு, அதுக்கு நேர் பின்னாடி எழுத்து மங்கிக் கிடக்கு. யாராவது ஒட்ட வச்சதா இருந்தா எழுத்து மங்காது. அசல் பிழைடி!" என்று சின்னப் பிள்ளை மாதிரி துள்ளினார். ஜன்னலோர மேசையில் காசை வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அன்று வீட்டுக்கு வந்திருந்த என் தம்பி லேத் பட்டறைக்காரன். இரும்பில் துருத்தி நிற்கும் பிசிரைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது. நான் டீயோடு வந்தபோது, பையிலிருந்து எடுத்த சின்ன அரத்தை ஊதிக்கொண்டிருந்தான்.

"அக்கா, மாமா காசுல ஒரு பிசிரு. மழமழன்னு ஆக்கிட்டேன்!"

ஐயோ! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அடப்பாவி, குடியைக் கெடுத்தியே!" என்று கத்தினேன். ஈரத் தலையோடு ஓடிவந்தவர் காசைப் பார்த்துப் பேயறைந்தவர்போல நின்றார்.

தம்பிக்கு முகம் செத்துவிட்டது. "மாமா, அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல? சேதம்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா யாரு கேக்கப்போறா? உண்மையைச் சொன்னா வேலை போயிடும்."

மனசு கேட்காமல் சாயங்காலம் நானும் கடைக்குப் போனேன். அந்த அம்மா வந்து உட்கார்ந்ததும் இவர் காசைத் துணிமேல் வைத்தார்.

"அம்மா, இது அசல் அச்சுப் பிழை. ஆனா இன்னைக்குக் காலையில என் வீட்டுல அந்த மேட்டை அரத்தால தேய்ச்சுட்டாங்க. இப்ப இது சேதமான காசு. பொறுப்பு என்னோடது."

கடை முதலாளி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அந்த அம்மா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அசலா? நிச்சயமாவா?"

இவர் காசைத் திருப்பி மங்கிய எழுத்தைக் காட்டினார். "இந்தப் பக்கம் அரம் படலைம்மா. நீங்களே பாருங்க."

அந்த அம்மா மங்கிய எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இது அசல்னுதான் எங்க வீட்டுக்காரர் தலைதலையா அடிச்சுக்கிட்டாரு. நான் நம்பாம, நீங்கதான் ஈயத்தை ஒட்டி ஊரை ஏமாத்தறீங்கன்னு, அவர் சாகற வரைக்கும் அவருகிட்டயே சொல்லிக் காட்டினேன். இப்பப் போய் நான் யாருகிட்ட சொல்லுவேன்?"