ஃபார்மலினில் வந்த சீழ்

காலையில் லேபுக்குள் நுழைந்ததுமே மேஜைமேல் அந்த டப்பா கண்ணில் பட்டது. தண்ணீர்போலத் தெளிவான திரவம், அடியில் வெளிறிப்போன சீழ். மூடியைத் திறந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. பக்கத்தில் போனதும் மூக்கில் ஏறியது ஃபார்மலின்.

அறுத்தெடுத்த சதைத்துண்டு கெடாமல் இருக்க ஊற்றுவது அது. அதில் விழுந்த எந்தக் கிருமியும் பிழைக்காது. என் வேலையோ கிருமியை உயிரோடு வளர்த்து, அது இன்னதென்று டாக்டர்களுக்குச் சொல்வது. சித்தூரில் நாலு வருஷம், பிறகு திருப்பதியில் இந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் இதைத்தான் செய்துவருகிறேன். கல்ச்சருக்கு அனுப்பும் சீழை ஃபார்மலினில் போடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. சர்க்குலர் அனுப்பினேன். தெலுங்கில் பெரிய எழுத்தில் எழுதி ஆபரேஷன் தியேட்டர் கதவில் ஒட்டினேன். ஒரே வாரத்தில் அதன்மேல் யாரோ டியூட்டி லிஸ்டை ஒட்டிவிட்டார்கள்.

வார்டுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மேல்படிப்புக்கு வந்திருக்கும் இளம் டாக்டர். வந்தவரைக்கும் போட்டுப் பாருங்கள் மேடம் என்றார். செத்துப்போனதை எப்படி வளர்ப்பது என்று கேட்டேன். மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னேன். ஊசி போட்டு உறிஞ்சியதில் எல்லாச் சீழும் வந்துவிட்டது, இனி எடுக்க ஒன்றுமில்லை என்றார். சீட்டில் எழுதியிருந்ததும் இவ்வளவுதான்: ஆண், வயது நாற்பத்தாறு, ஜுரம், டி.பி.யாக இருக்கலாம். எரிச்சலோடு மாடியேறினேன்.

கட்டிலில் கிடந்தவர் எலும்பும் தோலுமாக இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, மடியில் ரிப்போர்ட்டுகள் திணித்த துணிக்கடைப் பை. நான் தெலுங்கில் கேட்க, அந்தம்மாவும் தெலுங்கிலேயே பதில் சொன்னார். நடுவில் கணவர் பக்கம் திரும்பி, "இந்தம்மா எதுக்கு வந்துகிறாங்கன்னு தெரியல" என்று தமிழில் முணுமுணுத்தார். நானும் தமிழுக்கு மாறினேன். அவர்கள் நாகலாபுரம் பக்கம் விவசாயக் குடும்பம். நான் நகரியில் தறிச்சத்தத்தில் வளர்ந்தவள் என்றதும் அந்தம்மா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டு மாதமாக ஜுரம். ஊரில் ஊசி போட்டார்கள். புத்தூரில் ரத்தம் பார்த்து டைஃபாய்டு என்றார்கள். மருந்து முடிந்ததும் ஜுரம் திரும்பியது, மறுபடி டைஃபாய்டு. அந்தம்மாவின் அக்கா சித்தூரில் இருப்பதால் அங்கே போனார்கள். ஸ்கேனில் ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள் தெரிந்தன. டி.பி. என்று சந்தேகப்பட்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். ஒரு மாதம் விழுங்கியும் ஜுரம் விடவில்லை, இங்கே வந்துவிட்டார்கள். பையிலிருந்ததைக் கட்டில்மேல் பரப்பினேன். டைஃபாய்டு ரிப்போர்ட் மட்டும் ஏழு. கல்ச்சர் ஒன்றுகூட இல்லை.

சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டேன். எட்டு வருஷமாக இருக்கிறது, நினைவு வந்தால் மாத்திரை போடுவாராம். ஜுரம் வருவதற்கு முன்னால் என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று கேட்டேன்.

"மழையில வரப்பு ஒடஞ்சி போச்சி மேடம். ஒரு வாரம் முழங்கால் தண்ணியில நின்னுகினு மண்ணு வெட்டிப் போட்டாரு. காலெல்லாம் வெடிப்பு. அப்பறம்தான் ஜுரம் வந்திச்சி" என்றார். பிறகு, "இத எந்த டாக்டரும் கேக்கல" என்றார்.

சேற்றுத்தண்ணீர், சர்க்கரை, மண்ணீரலில் கட்டி. மூன்றும் சேர்ந்தால் எங்கள் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு பெயர் தோன்றும்: மெலியாய்டோசிஸ். ஈரமண்ணில் வாழும் ஒரு கிருமியால் வருவது. விட்டால் ஆளைக் கொன்றுவிடும். டி.பி. மாத்திரைக்கு அது அசையாது. இரண்டு மாதத்தில் யாராவது ஒருவர் கழனியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

சீழ்தான் போய்விட்டது, ரத்தமாவது எடுக்கலாம் என்று நர்ஸைக் கூப்பிட்டேன். நாற்பது நோயாளிகளைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த அவர் முகம் சுளித்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு கைகளிலிருந்தும் தனித்தனியாக எடுத்து இரண்டு பாட்டில்களில் நிரப்பும்வரை நின்றிருந்து, நானே கீழே கொண்டுபோனேன். ஆள் வரட்டும் என்று விட்டால் பாட்டில்கள் சாயங்காலம்வரை ஜன்னலோரம் வெயில் காயும்.

மூன்றாம் நாள் இரண்டு பாட்டிலிலும் கிருமி வளர்ந்துவிட்டதாக மெஷின் காட்டியது. ஸ்லைடில் சின்னச்சின்னக் குச்சிகள், இரண்டு முனையும் அடர்ந்து நடுவில் வெளுத்திருந்தன. மெஷினோ தண்ணீரில் சாதாரணமாக இருக்கும் வேறொரு கிருமியின் பெயரைச் சொன்னது. டெக்னீஷியன் அதையே டைப் செய்து ரிப்போர்ட்டை அனுப்பப்போனார். இந்தக் கிருமியை மெஷின் அப்படி மாற்றிச் சொல்வது உண்டு, நிறுத்தினேன். மறுநாள், கிருமி வளர்க்கும் பிளேட்டில் முளைத்தவை வறண்டு சுருங்கி, மடிப்பு மடிப்பாக இருந்தன. எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்ற சோதனையும் நான் நினைத்ததோடு ஒத்துப்போனது.

அவரைப் பார்க்கும் யூனிட்டின் பெரிய டாக்டருக்குப் போன் செய்தேன். ரத்தம் எடுக்கும்போது வெளியிலிருந்து கலந்த கிருமியாக இருக்கும், டி.பி. மருந்துக்கு இன்னும் கொஞ்சம் நாள் கொடுக்க வேண்டும் என்றார். இரண்டு கையிலும் ஒரே கிருமி எப்படிக் கலக்கும் என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டார். பிளேட்டைப் படமெடுத்துக்கொண்டு அவருடைய ஓ.பி.க்கே போனேன். நோயாளிகள் வரிசையில் கால்மணி நேரம் நின்றேன். என்னைப் பார்த்ததும், வைத்தியம் செய்வது நான் மேடம் என்றார் தெலுங்கில்.

"செய்யுங்க சார். எதுக்குச் செய்யறோம்னு தெரிஞ்சி செய்யுங்க" என்று நானும் தெலுங்கிலேயே சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். மத்தியானம் மருந்து மாறியது. நான் சொன்னதற்காகவா, அன்று காலை ஜுரம் நூற்று மூன்றைத் தொட்டதற்காகவா தெரியாது. மாறினால் சரி.

அதோடு முடியவில்லை. புது மருந்து போட்டும் எட்டு நாள் ஜுரம் குறையவில்லை. இந்த நோயில் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தும் தினமும் காலையில் வார்டுக்குப் போவேன். இளம் டாக்டர், இது நீங்கள் சொன்ன மருந்துதானே மேடம் என்பார். எனக்கே சந்தேகம் வந்து, வெளியூரில் ஒரு பெரிய லேபுக்குக் கிருமியை அனுப்பினேன். நான் சொன்ன பெயரையே அவர்களும் சொன்னார்கள். ஒன்பதாம் நாள் போனபோது அந்தம்மா வாசலுக்கே வந்து, "காத்தால களி கேட்டுத் துன்னாரு மேடம்" என்றார். சந்தோஷம் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவந்தேன்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் டிஸ்சார்ஜ் தாளைப் பார்த்தேன். நோயின் பெயர் என்ற இடத்தில் ஈரல் கட்டி, டி.பி. சந்தேகம் என்றே இருந்தது. கேட்டால், முதல்நாள் டைப் செய்தது, அப்படியே வந்துவிட்டது என்றார் இளம் டாக்டர். பக்கத்தில் உட்கார்ந்து மாற்றவைத்தேன். மாற்றியதிலும் எழுத்துப்பிழை. அதையும் திருத்தவைத்தேன். புது மாத்திரையை இன்னும் மூன்று மாதம் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் நோய் திரும்பும் என்று ஒரு தாளில் தமிழில் எழுதி அந்தம்மாவிடம் கொடுத்தேன். அஞ்சாவதுவரை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவராம். எழுத்துக் கூட்டி முழுதும் படித்த பிறகுதான் மடித்து வைத்தார்.

மூன்று மாதம் கழித்து இருவரும் லேப் வாசலில் வந்து நின்றார்கள். அவருக்குக் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. மாத்திரையை ஒருநாளும் விடவில்லையாம். கழனி வேலைக்குப் போகிறாரா, காலுக்கு என்ன போடுகிறார் என்று கேட்டேன்.

"பூட்ஸ் வாங்கனோம் மேடம். சேத்துல மாட்டிக்கினு வரமாட்டேங்குது. வெறுங்கால்லதான் எறங்கறாரு" என்றார் அந்தம்மா.

சர்க்கரை எவ்வளவு என்றேன். பார்க்கவில்லை என்றார்கள். கையுறையைக் கழற்றிவிட்டு, இருவரையும் சர்க்கரை ஓ.பி.க்கு அழைத்துப்போய் வரிசையில் உட்காரவைத்தேன். அவர்கள் முறை வரும்வரை நானும் அங்கேயே நின்றேன்.