அலுமாரிக் கண்ணாடியைப் பிடித்தவள்

எழுதுவதற்கு எனக்குத் தகுதி ஒன்றும் இல்லை. சாதாரண தரப் பரீட்சை வரை படித்தேன். அதிலும் கணிதம் கைவிட்டுவிட்டது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் பின்வரிசைக்குப் போய்விடுவேன். நான் வேலை செய்யும் கடைக்கு வருகிறவர்களிடம்கூடப் படக் கவரை நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். இப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் செய்த காரியத்துக்கு மட்டும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அதைத் திமிர் என்றார்கள். நடந்ததை வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

கண்டி நகரத்தில் ஒரு ஸ்டூடியோவில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். கெலிஓயாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். கல்யாணத்துக்கு முன்பு பெண்ணையும் மாப்பிள்ளையையும் வெளியிடங்களுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுப்பதை நாங்கள் ‘அவுட்டோர்’ என்போம். அதில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கல்யாணத்தன்று விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் நன்றி அட்டையில் அச்சடிப்பார்கள். அந்த அட்டை எல்லா வீட்டுக்கும் போகும். அலுமாரியின் ஓரத்திலோ சாமிப்படத்துக்குப் பக்கத்திலோ செருகினால் வருடக்கணக்காக அங்கேயே இருக்கும். ஆகவே அந்த ஒரு படத்துக்காக எல்லோரும் சண்டை போடுவார்கள்.

பழைய முதலாளி இறந்த பிறகு அவருடைய மகன்தான் படம் எடுக்கிறார். அவரைப் பள்ளிக்கூடச் சட்டையோடு பார்த்தவள் என்பதால் நான் தம்பி என்பேன். அவர் என்னை அக்கா என்பார். தம்பிக்குப் பிம்பம் என்றால் பைத்தியம். காற்று எழும் முன்பு, காலை ஆறரைக்கே கண்டிக் குளக்கரையில் போய் நிற்பார். மரங்கள் தண்ணீரில் தலைகீழாக அசையாமல் கிடப்பது அப்போது மட்டும்தான். மழை விட்டால் ரோட்டில் தேங்கிய தண்ணீருக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொள்வார். மழை பெய்யாவிட்டால் வேனின் கறுப்பு பொனட்டின் மேல் ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றச் சொல்வார். படத்தில் அது பெரிய ஏரி மாதிரி இருக்கும்.

எல்லாவற்றையும்விட அதிகமாகக் கேட்கப்படுவது அலுமாரிக் கண்ணாடி. பழைய அலுமாரிக் கதவு ஒன்றிலிருந்து கழற்றிய, என் நெஞ்சு உயரக் கண்ணாடி அது. மரச்சட்டத்தோடு தேயிலைச் செடிகளின் நடுவே நிறுத்தினால் பச்சைக்குள் ஒரு ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும். ஜன்னலுக்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்பார்கள். உண்மையில் அவர்கள் நிற்பது கமராவுக்குப் பக்கத்தில். கண்ணாடிதான் அவர்களைச் செடிகளுக்குள் கொண்டுபோய் வைக்கிறது.

கண்ணாடி தானாக நிற்காது. பின்னால் குந்தியிருந்து அதைப் பிடிக்கிறவள் நான். கூச்சக்காரிக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. சட்டத்தின் இரண்டு ஓரத்திலும் என் விரல்கள் மட்டும் தெரியும். அவற்றையும் தம்பி கம்பியூட்டரில் அழித்துவிடுவார். கண்ணாடிக்குள் என்ன விழுகிறது என்று பின்னால் இருப்பவளுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். கைக்குத் தெரியும். கண்ணாடியை ஒரு பங்கு திருப்பினால் உள்ளே இருப்பது இரண்டு பங்கு நகரும். கணிதத்தில் தவறிய எனக்கு இந்தக் கணக்கு மட்டும் தவறாது.

போன வருடம் ஒரு பெண் வந்தார். நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். கண்டியில் ஆசிரியையாக இருக்கிறார். மாப்பிள்ளை வீட்டாருக்கு நகரத்தில் புடவைக் கடை. எங்கே எடுக்கலாம் என்று தம்பி கேட்டபோது அந்தப் பெண், “எங்க மலையிலேயே எடுக்கலாமே” என்றார். தம்பிக்குத் தேயிலை இருந்தால் போதும். ஒரு வேலை நாளில் கண்ணாடியைப் போர்வையால் சுற்றி வேனில் கிடத்தி, அது ஆடாமல் காலால் அணைத்துக்கொண்டு போனேன். மாப்பிள்ளையின் அக்காவும் கூட வந்தார். பவுடர் பெட்டி அவர் மடியில் இருந்தது.

நாங்கள் இறங்கியதும் மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள்.

“ஏய், அலுமாரியத் தூக்கிக்கிட்டு மலைக்கு வந்துட்டாங்கடி!”

“அக்கா, கொஞ்சம் இங்குட்டுத் திருப்புங்க. காலையிலேருந்து என் மூஞ்சிய நானே பாக்கல.”

“நீ பாத்தா கண்ணாடி ஒடஞ்சிரும், வேணாம்.”

எனக்கே சிரிப்பு வந்தது. திருப்பிக் காட்டினேன். ஒருத்தி நிமிர்ந்து நின்று தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

பகல் கொழுந்தைத் தராசில் நிறுத்த பிறகு பெண்ணின் அம்மா கீழே வந்தார். அவரும் அதே மலையில்தான் வேலை. இடுப்பில் படங்கு கட்டியிருந்தார். செடி குத்தாமலும் நனையாமலும் இருக்கக் கட்டும் அந்தச் சாக்குத்துணி ஈரத்தில் கறுத்திருந்தது. மகளின் சேலை மேல் படாமல் இரண்டு எட்டுத் தள்ளியே நின்றார்.

“கிட்ட வாங்கம்மா.”

“வேணாம் தாயி, கறை பட்டுரும். நீ எடு. நா பாத்துட்டுப் போறேன்.”

பெண் தம்பியிடம், “அம்மாவும் ஒரு படத்துல நிக்கட்டும் சேர்” என்றார்.

மாப்பிள்ளையின் அக்கா முந்திக்கொண்டார். “நிக்கட்டும், யாரு வேணாம்னா? கல்யாணத்தன்னைக்கு நல்ல சேலை உடுத்திக்கிட்டு நிக்கட்டும். இது கார்ட்டுக்குப் போற படம். படங்கு கட்டிக்கிட்டா கார்ட்டுல நிப்பாங்க?”

“அதானே” என்று அந்த அம்மாவே சிரித்தார். “நா அந்தக் கல்லுக்கிட்ட நின்னுக்கிறேன்.”

“இன்னும் அங்குட்டுப் போங்கம்மா. கண்ணாடியில விழுந்துறப் போறீங்க” என்றார் மாப்பிள்ளையின் அக்கா.

அந்த அம்மா கல்லைத் தாண்டி, ரோட்டோரக் கட்டுச் சுவருக்கு அருகே போய் நின்றார். பெண் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். பெண் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தது அதுவரைதான். அப்படிக் குனிவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற பெண், தான் பிறந்த மலையில், தன் அம்மாவின் கண் முன்னால் குனிந்துகொண்டு நின்றார். இவர்களுக்குத் தேயிலை வேண்டும், அதன் பச்சை வேண்டும், பனி வேண்டும். அதைப் பறிக்கிறவர் மட்டும் வேண்டாம். அட்டை வீடுவீடாகப் போய் வருடக்கணக்காக இருக்கும்; அதில் அந்த அம்மா இருக்கமாட்டார்.

பள்ளத்திலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. தம்பி, “பத்து நிமிசந்தான் இருக்கு, சீக்கிரம்” என்றார். செடிகளுக்குள் நுழைந்து கண்ணாடியை நிமிர்த்தினேன். அதற்கு முன்பு சட்டத்துக்கு மேலாக ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டேன். கமராவுக்கு வலது பக்கம் பெண்ணும் மாப்பிள்ளையும். அவர்களுக்குப் பின்னால், இன்னும் வலது தள்ளி, கட்டருகே அந்த அம்மா. பிறகு குந்திக்கொண்டேன்.

“அக்கா, இன்னும் கொஞ்சம் எடது. சரி. கொஞ்சம் கீழ. சரி, அப்பிடியே.”

அவர் சரி என்ற இடத்திலிருந்து அரை விரல் அளவு திருப்பினேன்.

“அக்கா, ஆடிருச்சு. பின்னுக்கு அந்த அம்மா தெரியிறாங்க. பழையபடி வைங்க.”

நான் வைக்கவில்லை.

“அக்கா? கேக்குதா?”

“கேக்குது தம்பி.”

“அப்ப திருப்புங்க.”

“இப்பிடித்தான் பிடிப்பேன்.”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கொஞ்சம் நடுங்கியது, ஒத்துக்கொள்கிறேன். கண்ணாடி அசையவில்லை.

மாப்பிள்ளையின் அக்காவின் செருப்புச் சத்தம் கிட்டே வந்தது. “என்ன இது? கண்ணாடி புடிக்க வந்தவங்களுக்கு இவ்வளவு திமிரா? தம்பி, வேற யாரையாவது புடிக்கச் சொல்லுங்க!”

வேறு யாரும் இல்லை. டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். மாப்பிள்ளையின் அக்கா சேலையோடு செடிக்குள் இறங்க முடியாது. பனி வேறு முதல் வரிசைச் செடிகளை மூடத் தொடங்கிவிட்டது. இதெல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்துதான் செய்தேன். பயந்தவள் கோபத்தில் தடுமாறிச் செய்ததாக யாரும் எனக்காகச் சாக்குச் சொல்லவேண்டாம்.

“கண்ணாடி நான் பிடிச்சா அவங்களும் இருப்பாங்க” என்றேன். “வேணாம்னா கீழ வச்சிர்றேன். பனி மூடிரும்.”

பிறகு பெண்ணின் குரல் கேட்டது. வகுப்பில் பேசுகிற குரலாக இருக்கவேண்டும், தெளிவாக இருந்தது.

“அம்மா, அங்கேயே நில்லுங்க. படங்கை அவுக்காதீங்க. அப்பிடியே நில்லுங்க. சேர், நீங்க எடுங்க.”

கமரா நாலைந்து தரம் சொடுக்கியது. அதற்குள் பனி வந்து எங்கள் எல்லோரையும் மூடிவிட்டது.

வேனுக்குள் தம்பி படத்தைக் காட்டினார். பச்சைக்கு நடுவே சட்டம். சட்டத்துக்குள் அவர்கள் இருவரும். பெண்ணின் தோளுக்கு மேலே, சிறிதாக, இடுப்பில் கைவைத்தபடி அம்மா. சிரிக்கவில்லை. கமராவையும் பார்க்கவில்லை, மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, “அத்தை நல்லா விழுந்திருக்காங்க” என்றார்.

“நீ சும்மா இரு” என்றார் அவருடைய அக்கா. பிறகு தம்பியிடம், “இத கம்பியூட்டர்ல எடுத்துறலாந்தானே? அவங்க வெரல எடுக்கிற மாதிரி?”

“எடுக்கலாம்” என்றார் தம்பி.

பெண் கமராவைக் கையில் வாங்கிக்கொண்டார். “எடுக்க வேணாம். கார்ட்டுக்கு இதுதான் அண்ணி.”

நான் கெலிஓயாவில் இறங்கும்போது தம்பி, “இனிமே அவுட்டோருக்கு வர வேணாம் அக்கா. கடையில இருங்க” என்றார். சரி என்றேன். வருத்தம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். கண்ணாடியின் எடை என் கைக்குப் பழகிப்போயிருந்தது. ஆனால் இன்னொரு தரம் அந்தச் செடிக்குள் குந்தச் சொன்னாலும் அரை விரல் திருப்பத்தான் போகிறேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பெண் கடைக்கு வந்து, அந்தப் படத்துக்கே முந்நூறு அட்டை சொன்னார். தம்பி என் விரல்களை அழித்தார், அம்மாவை விட்டுவிட்டார். நான் உள்ளே உட்கார்ந்து மூன்று பேருக்குப் பாஸ்போர்ட் படம் வெட்டிக்கொடுத்தேன்.