எளச்சுப் போனவன்

ஜெர்மனிக்கு வந்த புதிதில் எனக்குப் புரியாமலிருந்தது, இங்கே மனிதர்கள் எந்த வேலையும் இல்லாமலே நடக்கிறார்கள் என்பதுதான். ஒருநாள் தூறலில், எங்கள் கீழ்வீட்டு ஹெல்கா அம்மையார் சாலையோரம் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார் போல என்று நினைத்துக் காரை நிறுத்தி, எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். "ஷ்பட்சீரன்" என்றார். பக்கத்தில் அப்படியொரு ஊர் இருக்கிறதாக்கும் என்று, ஏறிக்கொள்ளுங்கள், இறக்கிவிடுகிறேன் என்றேன். அவர் சிரித்தபடி நடையைக் கட்டினார். சும்மா உலாவுவதற்கு அவர்கள் மொழியில் அதுதான் சொல் என்பதை வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டேன்.

உட்கார்ந்தே செய்யும் வேலை எனக்கு. லாரி உதிரிபாகங்களைக் கணினியில் வரைந்து வரைந்து வயிறு மேசையைத் தொட்டது. ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, இப்போதே கவனிக்காவிட்டால் சர்க்கரை வரும் என்று டாக்டர் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். தட்டில் பாதி 'கெமூஸெ', அதாவது காய்கறி, இருக்க வேண்டும் என்றார் அந்தப் பெண். தினமும் உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிடுகிறேனே என்றேன். கிழங்கு காய்கறிக் கணக்கில் வராதாம். மதியம் என்ன, இரவு என்ன என்று கேட்டார். இரண்டுக்கும் சோறு என்றேன். கேள்வி எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, மெதுவாக இன்னொரு முறை கேட்டார்.

நான் பட்டினி கிடக்கவில்லை. பாதித் தட்டு காய், கால் தட்டு சோறு, மிச்சத்தில் பருப்போ முட்டையோ மீனோ. தினமும் நடை, வாரத்தில் சில நாள் எடை தூக்குவது. எடை இயந்திரம் பல வாரம் அசையவே இல்லை. அந்தப் பெண் பொறுமையாக இடுப்பை அளந்து, கொழுப்பு குறைந்து சதை ஏறுகிறது, அவசரப்படாதீர்கள் என்பார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக வந்த அன்று டாக்டர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

அந்த உடம்போடுதான் போன தை மாதம் புதுச்சத்திரத்தில் போய் இறங்கினேன். அப்பா அம்மா போன பிறகு எனக்கு ஊரென்றால் சரோஜா அக்கா வீடுதான். வாசலில் என்னைப் பார்த்ததும் அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

"ஏஞ்சாமி, என்ன சீக்கு உனக்கு? எங்கிட்ட மறைக்காத சொல்லு."

சீக்கைத்தான் விரட்டியிருக்கிறேன் என்று எத்தனை விதமாகச் சொல்லியும் எடுபடவில்லை. பார்க்க வந்தவர்களெல்லாம் துக்கம் விசாரிக்கிற குரலில் பேசினார்கள். ஒருவர் மாமாவைத் தனியே கூப்பிட்டு எனக்கு வேலை போய்விட்டதா என்று கேட்டிருக்கிறார். காலையில் ராசிபுரம் ரோட்டில் நடந்தால் வண்டிக்கு வண்டி நின்றது. "ஏனுங்க, பஸ்ஸ உட்டுட்டீங்களா? ஏறுங்க, உட்டுட்டுப் போறேன்." அவர்கள்மேல் கோபப்படவும் முடியவில்லை. நானும் ஒருகாலத்தில் இதைத்தானே செய்தேன்.

என் எரிச்சல் அதற்கல்ல. அக்காவுக்கும் ஈரலில் கொழுப்பு, சர்க்கரை எல்லையில் நின்றது. அதற்கு அவள் கண்டுபிடித்த வழி, சேலத்தில் யாரோ விற்ற ஒரு பவுடர். இருவேளை சாப்பாட்டை நிறுத்தி அதைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றேன்.

"நீ மட்டும் அங்க தின்னுபோட்டா எளச்ச? எனக்கு ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம் சாமி."

"மூணு வேளையும் தின்னுதாங்க்கா எளச்சேன்."

"போடா, பொய் சொல்லாத."

அவரைக்காய்ப் பொரியலும் முட்டையுமாக நானே சமைத்து வைத்தேன். விருந்தாளியைச் சமைக்க விட்டுவிட்டோமே என்று அழுதாளே தவிர, ஒரு வாய் வைக்கவில்லை. நாலைந்து நாள் கழித்து ராசிபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவள் சாம்பார் வாளியோடு சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியபடி அங்கிருந்த டாக்டரம்மா சொன்னார், "பட்டினி போட்டா சதைதாங்க கரையும். நல்லாச் சாப்புடுங்க, நடங்க." இதையே நான் ஒரு வாரமாகத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா அவரைப் பார்த்து, "சரிங்க" என்று பவ்யமாகத் தலையாட்டினாள். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ரோட்டில் நடக்க அவள் சம்மதிக்கவில்லை. "ஊட்டுல வண்டிய வெச்சுக்கிட்டு நடந்து போறாளே, புருசங்கூடச் சண்டையான்னு கேப்பாங்க." கடைசியில் மொட்டை மாடி என்று முடிவானது. சாயங்காலம் இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். மாமா கீழேயிருந்து, "உளுந்து கிளுந்து தொலைக்காதீங்க" என்று சத்தம் போடுவார். அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டுவாள். ஆனாலும் நடந்தாள். நான் கிளம்பும் வரை பவுடரைத் தொடவில்லை.

இப்போது என் மதிய இடைவேளையும் அவளுடைய சாயங்காலமும் ஒத்துப்போகின்றன. நான் ஆபீஸுக்குப் பின்னாலுள்ள ஆற்றங்கரையில் நடக்கிறேன், அவள் மாடியில் நடக்கிறாள். வீடியோவில் பேசிக்கொள்கிறோம். பவுடரை விட்டுவிட்டேன் என்கிறாள். மத்தியானச் சாப்பாட்டைப் படமெடுத்து அனுப்பு என்றால் பேச்சை மாற்றிவிடுகிறாள். நம்புவதா கூடாதா என்று தெரியவில்லை. இத்தனை தூரத்திலிருந்து ஒருவர் தட்டில் என்ன இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெளிநாட்டில் இருக்கும் உங்களில் பலருக்கும் இந்த அவஸ்தை தெரிந்திருக்கும்.

நேற்றும் பேசினோம். அவளுக்குப் பின்னால் கொடியில் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. முன்பு ஊருக்குப் போனபோதெல்லாம் நான் விட்டுவந்தவை.

"அதையெல்லாம் எதுக்குக்கா தொவச்ச? இனி எனக்குத் தொளதொளன்னு கெடக்கும், யாருக்காச்சும் குடுத்துரு."

"இருக்கட்டும் சாமி. அடுத்தவாட்டி வாரப்ப பழையபடி ஆயிருப்ப."

அவள் நடந்துகொண்டே திரும்பினாள். மலைப்பக்கமிருந்து காற்று வீசியிருக்க வேண்டும். சட்டைகள் ஒவ்வொன்றாக உப்பின. தோளும் வயிறும் நிறைந்து, அக்கா அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய ஆளாக, நான் அந்த மாடியில் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தேன். திரையின் மூலையில், பனிக்குல்லாய்க்குள் ஒரு ஒட்டிய முகம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.