ஆம்லெட் அடுப்படி வக்கீல்

“வெங்காயம், குடைமிளகாய், சீஸ். அப்புறம் போனாப் போகுதுன்னு ஒரு அறிவுரை” என்றபடி முட்டையை வாணலியில் ஊற்றுகிறான் நெல்ஸ் ஹால்வர்சன். எதிரே தட்டோடு நிற்கும் முதலாண்டு மாணவனுக்குக் கண் சிவந்திருக்கிறது. “தம்பி, வயசு இருபத்தொண்ணு ஆகலைன்னா குடிக்கணும்னுகூட இல்ல. பீரைக் கையில வச்சிருந்தாலே கேஸுதான். அபராதம் கட்டணும், சனிக்கிழமை வகுப்புக்குப் போகணும், ரோட்டோரம் குப்பை பொறுக்கணும். அதுக்கு ஒரு ஆரஞ்சுச் சட்டை குடுப்பாங்க. எனக்குச் சகிக்கல. உனக்கும் சகிக்காது.” ஆம்லெட் மடங்கித் தட்டில் விழுகிறது. அடுத்த ஆள் வரலாம்.

மிசிசிப்பி ஆற்றின் மினசோட்டாக் கரையில் இருக்கும் அந்தச் சின்னக் கல்லூரியில் காலை ஆம்லெட் அவன் பொறுப்பு. வயது இருபது. சமையலறை வலைத்தொப்பி போட்டாலும் அடங்காத செம்பட்டை முடி. பக்கத்தில் காய் நறுக்கும் மரிசோல் அவனை ‘வக்கீல் சார்’ என்றுதான் அழைப்பாள். “வக்கீலுக்கு ஃபீஸ் உண்டு. நான் வெறும் குற்றவாளி” என்று அவனே திருத்துவான். தன்னைப் பற்றி மற்றவர்கள் சிரிப்பதற்குள் தானே சிரித்து முடித்துவிட வேண்டும் அவனுக்கு.

அவன் பிறந்தது அக்கரையில், விஸ்கான்சினில். அங்கே அப்பா பக்கத்தில் இருந்து, கடைக்காரரும் சம்மதித்தால் பிள்ளை பீர் குடிக்கலாம். அந்த மாநிலச் சட்டமே இடம் கொடுக்கிறது. பால் டேங்கர் ஓட்டும் அவன் அப்பா ஆர்லன், வெள்ளிக்கிழமை தவறாமல் மகனைப் பொரித்த மீன் சாப்பிட அழைத்துப்போவார். அவருக்குப் பெரிய கோப்பை, மகனுக்குச் சின்னது. இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. பாதிரியார் அடுத்த மேசையில்தான் இருப்பார்.

போன இலையுதிர் காலத்தில், கால்பந்து ஆட்டம் பார்க்க ஆர்லன் பாலத்தைத் தாண்டி வந்தார். மைதானத்து வாகன நிறுத்தத்தில் அடுப்பு மூட்டி சாசேஜ் சுட்டார்கள். அப்பா ஒரு பீர் கேனைத் திறந்து மகனிடம் நீட்டினார். அந்த வழியாக ஒரு போலீஸ்காரர் நடந்து வந்தார். வேறு எந்த மாணவனும் கேனை முதுகுக்குப் பின்னால் மறைத்திருப்பான். நன்றாக வளர்க்கப்பட்ட நெல்ஸோ கேனை உயர்த்திக் காட்டினான். “வணக்கம் ஆபீசர்! எங்கப்பாவும் கூடத்தான் இருக்காரு!”

போலீஸ்காரர் நின்றார். “எந்த ஊருப்பா நீ?”

“விஸ்கான்சின் சார்.”

“பாலத்தைத் தாண்டி வந்துட்டியேப்பா.”

அடையாள அட்டையைக் கேட்டதும் நெல்ஸ் ஓட்டம் பிடித்தான். ஏன் ஓடினான் என்று இன்றுவரை அவனுக்கே தெரியாது. “அதுவரைக்கும் ஒரு கேஸு. ஓடினதும் ரெண்டாச்சு. அதுவும் எங்க ஓடினேன்? நேரா போலீஸ் வண்டிங்க நிக்கிற இடத்துக்கு! பாவம், அவங்களுக்கு அலைச்சலே வைக்கல” என்று சொல்லிச் சிரிப்பான். ஆர்லனை எச்சரித்து அனுப்பினார்கள். ஒரு வார்த்தை பேசாமல் அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனதை மட்டும் அவன் சிரிப்பாகச் சொல்வதில்லை. அது அவனுக்கு இன்னும் வலிக்கிறது.

கல்லூரி அவனைக் கண்காணிப்பில் வைத்தது. இன்னொரு முறை மாட்டினால் ஒரு பருவம் வெளியே; விடுதி அறையும் உதவித்தொகையும் கூடவே போய்விடும். பால் டேங்கர் சம்பளத்தில் அதற்குப் பிறகு படிப்பு நடக்காது.

இவ்வளவும் தெரிந்தவன், வசந்தத்தின் முதல் வெயில் அடித்த சனிக்கிழமை மதியம், ஆற்றங்கரைப் புல்வெளியில் மாணவர் கூட்டத்தோடு, பீர் ஊற்றிய சிவப்புக் கோப்பையும் கையுமாக நின்றான். “என்ன வக்கீல் சார்?” என்று மரிசோல் முறைத்தாள். “பல் டாக்டர் மிட்டாய் சாப்பிடறதில்லையா?” என்றான். ஒன்றைக் குடித்து முடித்து இரண்டாவதில் பாதியில் இருந்தான். மரிசோல் தலையில் அடித்துக்கொண்டு மதிய வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

படகுக் கொட்டகைக்குப் பின்னால் ஒதுங்கப் போனபோதுதான் ப்ராடியைப் பார்த்தான். முதலாண்டுப் பையன். மல்லாந்து கிடந்தான், உதடு வெளுத்திருந்தது, உலுக்கினால் அசைவில்லை. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவிக்கொண்டிருந்தார்கள். ப்ராடியின் அறைத்தோழன் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். நெல்ஸ் ப்ராடியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தோளை ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி, அவசர உதவிக்குப் போன் செய்தான். பெயர் கேட்டார்கள். முழுப் பெயரையும் சொன்னான்.

“போன் பண்ணியாச்சுல்ல? வாண்ணா, ஓடிடலாம்” என்றான் அறைத்தோழன். “அவங்க வந்து பாத்துக்குவாங்க.”

“கையை எடுத்தா மறுபடி மல்லாந்துடுவான்டா. வாந்தி எடுத்தா மூச்சு அடைச்சிடும்.”

“உன்னைப் பிடிப்பாங்களே!”

“போன் பண்ணி, பேரைச் சொல்லி, ஆளோட கூடவே இருந்தா சட்டம் நம்மை ஒண்ணும் செய்யாது. இவனையும் செய்யாது. நான் தினமும் ஆம்லெட்டோட பரிமாறியிருக்க வேண்டியது இதைத்தான். அபராதத்தையே சொல்லிச் சொல்லி எல்லாரையும் ஓட வச்சிருக்கேன், முட்டாள்.” குரல் இறங்கியது. “ஆனா அது மாநிலச் சட்டம். காலேஜ்ல என்ன விதின்னு தெரியல. விதிப் புத்தகத்துல அந்தப் பக்கத்தை நான் படிக்கவே இல்ல.”

அறைத்தோழன் போய்விட்டான். ப்ராடியின் மூச்சு விட்டுவிட்டு வந்தது. பாலத்துப் பக்கமிருந்து சைரன் கேட்டது. முதலில் வந்தது ஆம்புலன்ஸ் அல்ல, போலீஸ் வண்டி. நெல்ஸின் முழங்கால்கள் தாமாகவே நிமிரத் தொடங்கின. அவனுக்குப் பயம், சொல்லிக்கொள்ள வெட்கமே இல்லாத பயம். “இந்தக் காலுங்களை நம்ப முடியாது ப்ராடி, மறுபடி ஓடிடும்” என்று, நினைவில்லாமல் கிடந்தவனிடம் சொன்னான்.

இடக்கை ப்ராடியின் தோளிலேயே இருந்தது. வலக்கையால் ஒரு ஷூவின் கயிற்றை அவிழ்த்து, கழற்றி, ஆற்றில் எறிந்தான். பிறகு மற்றதையும் எறிந்தான்.